அரை மில்லிப் பசையும் அறுபது கிலோமீட்டரும்

தூண்டில் ராடில் உடைந்துபோன ஒரு வளையத்தை மாற்றிக் கட்ட அரை மில்லி எபாக்சி பசை போதும். நூல் நாலரை மீட்டர். வளையம் ஒன்று. ஒன்றரை மணி நேரக் கைவேலை. ஆனால் எந்தக் கடையிலும் பசையை அரை மில்லியாகத் தருவதில்லை, நூலை நாலரை மீட்டராக வெட்டித் தருவதில்லை. வளையத்துக்காகத் திருவனந்தபுரம் போவதென்றால் பாறசாலையிலிருந்து போகவர 60 கிலோமீட்டர். உடைந்த வளையத்தோடு ராடு மாதக்கணக்கில் பரணில் கிடப்பதற்குக் காரணம் பழுதின் பெருமை அல்ல, இந்த அளவுப் பொருத்தமின்மைதான். அதை ரூபாயில் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் இடம். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடி பூவாறில் கடலைச் சேர்கிறது. அந்தப் பொழிமுகமும், அதற்குத் தெற்கே பொழியூர், கொல்லங்கோடு, நீரோடி என்று மாநில எல்லையைத் தாண்டிச் செல்லும் கடற்கரையும், உள்ளே பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை பக்கத்துக் குளங்களும் தூண்டில்காரர்களின் களம். பொழியில் பாரையும் கொடுவாவும் செம்பல்லியும். குளத்தில் விரால். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே மீன், ஒரே மணல், ஒரே பேச்சு. கூலியும் பெட்ரோல் விலையும் மட்டும் இரண்டு. இந்தக் கணக்கில் அந்த இரண்டும் நுழைகின்றன, கூலி முடிவையே மாற்றப்போகிறது.

கரிமீன் பிடிக்க மூங்கில் கம்போடு உட்காரும் பெரியவர்களுக்கு இந்தக் கட்டுரை வேண்டியதில்லை. அந்தக் கம்பில் வளையமே கிடையாது, ஆகவே செலவும் பூஜ்யம். ரீல் பூட்டிய ராடுக்குத்தான் வளையம். ராடு எத்தனை அடியோ அத்தனை வளையம், நுனிக்கு ஒன்று கூடுதல் என்பது ராடு கட்டுகிறவர்களின் பொதுக் கணக்கு. மலிவான ராடுகளில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். 9 அடி ராடில் ஆறோ ஏழோதான் வைத்திருப்பார்கள். குறைவாக இருப்பதில் ஒன்று போனால் இழப்பு கூடுதல். பக்கத்து இரு வளையங்களுக்கு நடுவே இடைவெளி இரட்டிப்பாகும், ராடு வளையும்போது தூண்டில் நரம்பு கம்பின் உடம்பிலேயே உரசும்.

வளையம் ஏன் தேய்கிறது என்பதற்கும் எண் உண்டு. ஒரு வீச்சு 50 மீட்டர் என்று வைப்போம். போக 50, சுற்றி இழுக்க 50, ஆக 100 மீட்டர் நரம்பு ஒரு வளையத்தின் வழியாக ஓடுகிறது. ஒரு காலையில் 60 வீச்சு என்றால் 6 கிலோமீட்டர். வருஷத்துக்கு 50 காலை போகிறவருக்கு 300 கிலோமீட்டர். பாறசாலையில் ரயிலேறினால் மதுரையைத் தாண்டிவிடும் தூரம். அதில் பாதி, நனைந்த நரம்பு மணலைச் சுமந்துகொண்டு வருகிற பயணம்.

அந்த மணலும் சாதாரண மணல் அல்ல. கோவளத்திலிருந்து தெற்கே மணவாளக்குறிச்சி வரை கரிமணல் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த இந்த மணலில்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் வரலாறு அங்கே தொடங்குகிறது. நமக்கு மோனசைட் முக்கியமல்ல, கூட இருக்கிறவைதான் முக்கியம். மோஸ் கடினத் தராசில் வைரம் 10. வெள்ளை மணலின் குவார்ட்ஸ் 7, சிர்கான் 7.5, கார்னெட் 6.5 முதல் 7.5. இல்மனைட் மட்டும் கொஞ்சம் மென்மை, 5 முதல் 6. வளையத்துக்குள் பதித்திருக்கும் அலுமினியம் ஆக்சைடு 9. சிலிக்கன் கார்பைடு 9-க்கும் 10-க்கும் நடுவில். வெறும் துருப்பிடிக்காத எஃகு இந்த மணலைவிட மென்மையானது. எனவே எஃகு வளையத்தில் மணல் பூசிய நரம்பு அரம்போல் ஓடிப் பள்ளம் வெட்டும். பீங்கான் வளையத்தில் பள்ளம் விழாது. அது தேயாமல் ஒரேயடியாக விரிசல் விடும். ராடைப் பாறையில் சாய்த்து வைத்தால், பைக்கில் கட்டும்போது கம்பியில் இடித்தால், படகின் பக்கப் பலகையில் தட்டினால் போதும். ஜப்பானின் ஃபூஜி கம்பெனி வளையமானாலும் இதே சுபாவம்தான். கடினமான பொருள் தேயாது, ஆனால் அடி தாங்காது.

இனி செலவு. கீழே வரும் விலைகள் கணக்குக்காக முழு எண்ணாக எடுத்தவை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் கடை ரசீதில் உள்ளதைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். அளவுகள் மட்டும் பெரிதாக மாறாது.

நூலைப் பார்ப்போம். வளையத்தின் கால் படிந்த இடத்தில் ராடின் விட்டம் 7 மில்லிமீட்டர், சுற்றளவு 22. ஒவ்வொரு காலின் மேலும் 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு நூல் சுற்ற வேண்டும். நூலின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் என்றால் 100 சுற்று. ஒரு காலுக்கு 2.2 மீட்டர், இரண்டு காலுக்கு 4.4. நுனி இழுத்துக் கட்டுவதற்கும் சேர்த்து 4.5 மீட்டர். 100 மீட்டர் உருண்டை ஒன்றில் 22 வளையம் கட்டலாம்.

பசை: 22 மில்லிமீட்டர் சுற்றளவு, நூலுக்கு வெளியேயும் சற்றுப் படர 22 மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் தடிமன். பெருக்கினால் 242 கன மில்லிமீட்டர், அதாவது கால் மில்லிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு காலுக்கும் அரை மில்லி. ஆனால் அரை மில்லிப் பசையைக் கலக்க முடியாது. ரெசினும் ஹார்டனரும் சரிபாதி சேரும் வகையில், கால் மில்லி இதில், கால் மில்லி அதில் எடுக்க வேண்டும். 20 சொட்டு 1 மில்லி என்றால் ஒரு சொட்டு 0.05. ஒரு சொட்டு கூடக் குறைந்தாலே ஐந்தில் ஒரு பங்கு தவறு, பசை காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றரை மில்லி எடுத்தால் அதே ஒரு சொட்டுத் தவறு முப்பதில் ஒரு பங்காகிவிடும், பசை அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே குறைந்தது 3 மில்லி கலக்கியே ஆகவேண்டும். மருந்துக் கடையில் வாங்கும் 2 மில்லி சிரிஞ்சு இரண்டு, ரெசினுக்கு ஒன்று, ஹார்டனருக்கு ஒன்று. மாறிப்போனால் இரண்டும் குப்பைக்கு.

ஒரு ராடு, ஒரு வளையம், எல்லாம் புதிதாக வாங்குகிறோம் என்றால் பேரேடு இப்படி:

வளையம் 1: வாங்கியது ரூ. 80, செலவானது ரூ. 80
நூல் 100 மீ: வாங்கியது ரூ. 120, செலவானது ரூ. 5.40
எபாக்சி 30 மி.லி: வாங்கியது ரூ. 150, செலவானது ரூ. 15
சிரிஞ்சு 2: வாங்கியது ரூ. 16, செலவானது ரூ. 16
பிளேடு, உப்புத்தாள், ஒட்டு டேப், ஸ்பிரிட்: வாங்கியது ரூ. 60, செலவானது ரூ. 10
மொத்தம்: வாங்கியது ரூ. 426, செலவானது ரூ. 126.40

கையை விட்டுப் போன 426 ரூபாயில் ராடில் ஏறியது 126 ரூபாய் 40 காசு. மீதி 299 ரூபாய் 60 காசு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த வளையம் உடையும்போது நூல் இருக்கும், ஆனால் ஹார்டனர் டியூபின் மூடி இறுகிப் போயிருக்கும். எல்லா வீட்டிலும் நடக்கிற கதை இது.

நூலில் மிச்சம் பிடிக்க வழியுண்டு. ராடுக்கென்றே விற்கும் நைலான் நூல் இல்லாவிட்டால் தையல் கடையின் பாலியெஸ்டர் நூல் போதும், 25 ரூபாய்க்கு முடிந்துவிடும். களியக்காவிளைக் கடையில் "அக்கா, தைக்கிற நூலுல நல்ல வலுவா, பஞ்சு கலக்காம ஒண்ணு தாங்க" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பஞ்சு கூடாது. பசை ஊறியதும் பருத்தி நூல் கறுத்து, நிறம் போய்விடும். திருவனந்தபுரம் போகும் வழியில்தான் பலராமபுரம், தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் தறிகள் பெயர் வாங்கித் தந்த ஊர். நூலுக்குப் பேர்போன அந்த ஊரைத் தாண்டிப் போய்த்தான் நூல் வாங்குகிறோம். அங்கே நெய்வது பருத்தி என்பதால் நம் வேலைக்கு உதவாது.

அடுத்தது பயணம். பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் என்றால் 60 கிலோமீட்டருக்கு 1.33 லிட்டர். கேரளத்தில் லிட்டர் 107 ரூபாய் என்று வைத்தால் 142 ரூபாய் சொச்சம், 143 என்றே எழுதுவோம். வளையத்தின் விலையைவிட இது 63 ரூபாய் கூடுதல். களியக்காவிளைக்குப் போய்த் தமிழ்நாட்டு பங்கில் அடித்தால் லிட்டருக்கு சுமார் 5 ரூபாய் மிச்சம். 2023 ஏப்ரல் 1 முதல் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்டதிலிருந்து அந்த இடைவெளி இன்னும் கண்ணில் படுகிறது. ஆனால் இந்த ஒரு பயணத்துக்கு மிச்சம் 6 ரூபாய் 65 காசு. பாறசாலையிலிருந்து களியக்காவிளை போய்வர 6 கிலோமீட்டருக்கு எரியும் பெட்ரோல் 13 ரூபாய் 60 காசு. நஷ்டம். 10 லிட்டர் நிரப்பினால் 50 ரூபாய் மிச்சம், அப்போது போகலாம். வளையம் வாங்கவென்று போகாதீர்கள். பாசஞ்சர் ரயில்தான் சரி. பாறசாலையில் ஏறினால் போக 10, வர 10.

கூலியில்தான் எல்லை உண்மையாகவே எல்லையாக நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் கையேட்டின்படி 2022-23-இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 852.50 ரூபாய், தமிழ்நாட்டில் 500.90, நாடு முழுக்க 393.30. நாளை எட்டு மணி நேரமாக வகுத்தால் கேரளத்தில் மணிக்கு 106.56, தமிழ்நாட்டில் 62.61. ஒரு வளையத்துக்குப் பழைய சுற்றை அறுத்தெடுக்க 20 நிமிஷம், காலை ராவிக் கூராக்க 15, நூல் சுற்ற 40, பசை பூச 15. ஆக ஒன்றரை மணி. இந்தக் கரையில் 160 ரூபாய், அந்தக் கரையில் 94. நடுவே மூன்று கிலோமீட்டர் சாலை, 66 ரூபாய் வித்தியாசம்.

கூட்டிப் பார்ப்போம். பொருள் 126, ரயில் 20, உழைப்பு 160. கேரளத்தில் ஒரு வளையம் 306 ரூபாய். கடைவிலை 1,500 ரூபாயுள்ள 9 அடி ஃபைபர் ராடை வாங்கினால் வரியோடு 1,575. தூண்டில் ராடுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. முன்பு இதே ராடு 1,680. எல்லையின் இரு பக்கமும் இந்த வரி ஒன்றுதான், அமரவிளைச் செக்போஸ்டில் வணிகவரிக்காக லாரிகள் நின்ற காலம் 2017 ஜூலையோடு போயிற்று. 1,575-இல் 306 என்பது 19 சதவீதம். ஒரு வளையம் போனதற்கு ராடைத் தூக்கிப்போடுவது வீண்.

நாலு வளையம் போனால்? பிளேடு, உப்புத்தாள் வகைச் செலவு இரட்டிப்பாகும் என்று வைத்தால் பொருள் 392 ரூபாய் 60 காசு, ரயில் 20, ஆறு மணி நேர உழைப்பு. கேரளக் கூலியில் மொத்தம் 1,052, புது ராடின் விலையில் 67 சதவீதம். தமிழ்நாட்டுக் கூலியில் 788, சரிபாதி. ஒரே ராடு, ஒரே பழுது. கொல்லங்கோட்டில் பழுது பார்க்கலாம், பொழியூரில் புதிது வாங்கலாம் என்று கணக்கு சொல்கிறது. மழைக்காலத்தில் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஒருவர் தன் உழைப்பைக் காசாக எண்ணமாட்டார். அவருக்கு 413 ரூபாய்தான், 26 சதவீதம். அவர் இரண்டு ஊரிலும் பழுதுதான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும்.

ராடின் உடம்பிலேயே விரிசல் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதற்கு வளையம் மாற்றுவது பணத்தைப் பொழியில் போடுவது.

எல்லாப் பழுதும் 306 ரூபாய்ப் பழுது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் பீங்கான் வட்டம் மட்டும் கழன்று விழுந்து, அது கையில் இருந்தால், சட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்து இரண்டு சொட்டு எபாக்சியில் உட்காரவைத்தால் முடிந்தது. உடனடிப் பசை பலர் போடுவார்கள், அது காய்ந்தால் நொறுங்கும் சாதி, முதல் தட்டில் விட்டுவிடும். சட்டம் வளைந்திருந்தால் இடுக்கியால் நிமிர்த்தினால் போதும், செலவு இல்லை. நுனி வளையம் போனால் நூலே வேண்டாம். அந்த வளையத்தின் குழாயை லைட்டரால் லேசாகச் சூடாக்கி இழுத்து, புதியதைச் சூட்டுப் பசைக் குச்சியால் ஒட்டலாம். சூடு குழாய்க்குத்தான், கம்புக்கு அல்ல. கார்பன் கம்பில் சூடு ஏறினால் உள்ளிருக்கும் பிசின் கெட்டு நுனி முறியும். அதேபோல் பழைய சுற்றை அறுக்கும்போது பிளேடு வளையத்தின் இரும்புக் காலின் மேல் ஓடவேண்டும், கம்பின் மேல் ஒருபோதும் ஓடக்கூடாது. பிளேடு கீறிய இடத்தில்தான் பின்னால் பெரிய மீன் விழும் நாளில் ராடு ஒடியும்.

பசை பூசியதும் ராடைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ்ப் பக்கம் தொங்கி உருண்டையாகிவிடும். கையால் செய்தால் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை அரைச் சுற்று, முதல் இரண்டு மணி நேரத்தில் 24 முறை. மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டார் ஒன்று இருந்தால் அதுவே செய்யும். 4 வாட், 6 மணி நேரம், 24 வாட் மணி. யூனிட் 7 ரூபாய் என்றாலும் 17 காசு. இந்தப் பேரேட்டிலேயே மிகச் சிறிய வரி இது. முழு பலம் வர ஒரு நாள் விட வேண்டும்.

கூட்டாகச் செய்தால் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த இடம். ஒரு ஊரில் நாலைந்து பேர் தூண்டில் போடுகிறார்கள், ஆளுக்கு ஒரு வளையம் உடைந்திருக்கிறது என்று வைப்போம். ஐந்து வளையத்துக்கு வேண்டிய பசை இரண்டரை மில்லி. தனியாளும் 3 மில்லி கலக்கி இரண்டரை மில்லியை எறிந்தார், ஐந்து பேரும் அதே 3 மில்லிதான் கலக்குகிறார்கள். நூல் 22.5 மீட்டர், அதே உருண்டை. ரயில் டிக்கெட் ஒரே ஆளுக்கு. தனியாகப் போனவர் கையிலிருந்து எடுத்தது 446 ரூபாய். ஐந்து பேர் சேர்ந்தால் வளையம் 400, மற்றவை 346, ரயில் 20, மொத்தம் 766. தலைக்கு 153 ரூபாய் 20 காசு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். விலையில் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசாமல் கிடைத்த குறைப்பு இது.

சும்மா விட்டால் என்ன செலவு என்று கேட்பவர்கள் உண்டு. 150 மீட்டர் பின்னல் நரம்பு 600 ரூபாய் என்றால் மீட்டர் 4 ரூபாய். விரிசல் வளையத்தில் உரசிய நரம்பு, மீன் இழுக்கும் நேரத்தில் 30 மீட்டரோடு அறுந்தால் 120 ரூபாய். கூடவே போகும் ரப்பர் தவளையோ ஜிக்கோ 250. ஆக 370. ஒரே ஒரு அறுப்பு, 306 ரூபாய்ப் பழுதைத் தாண்டிவிட்டது. போன மீனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. போன மீன் எப்போதும் எடை கூடும். அறுந்த நரம்பு பொழியின் அடியில் கிடந்து அடுத்தவர் வலையில் சிக்குவதற்கு ரூபாய்க் கணக்கு போடத் தெரியவில்லை.

வேலைக்கு உகந்த மாதம் மே. கேரளத்தில் விசைப்படகுகளின் இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். நீரோடியிலிருந்து தொடங்கும் குமரி மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். அந்த நாட்களில் சந்தையில் மீன் குறைந்து விலை ஏறும், தூண்டில் மீனுக்கு மதிப்பு கூடும், ராடு கையில் இருக்க வேண்டிய காலம் அது. ஆனால் அதே ஜூன் ஜூலையில் காற்றில் ஈரம் ஏறி, எபாக்சியின் மேல்தோல் பால்போல் மங்கி எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கும். வெந்நீரில் சோப்புப் போட்டுத் துடைத்தால் ஓரளவு போகும், பளபளப்பு வராது. ஜூனில் உடைந்ததை ஜூனில் ஒட்டலாம், அழகு எதிர்பார்க்கக் கூடாது. மே மாதத்தில் தெரிந்த விரிசலை ஜூனுக்குத் தள்ளுவதுதான் தவறு.

ஆகவே மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு ராடுகளையும் திண்ணைக்கு வரச் சொல்லுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் முழுச் சுற்றாகச் சுழற்றுங்கள். பஞ்சு இழை எங்காவது சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. எத்தனை வளையம் என்று எண்ணி, ஒவ்வொன்றின் உள்விட்டத்தையும் அளந்து தாளில் எழுதிக்கொண்டு, ஒரே ஆளை ரயிலில் அனுப்புங்கள்.